எட்டும் பன்னிரண்டும்

பெற்றோலுக்கு எட்டு.
மண்ணெண்ணெய்க்குப் பன்னிரண்டு.
ஏறத்தாழத்தான்;
எண்ணெய்க்குள்ளும் ஊரைப் போல
குட்டையும் நெட்டையும் கலந்துதான் கிடக்கும்.
பரீட்சைக்கு மட்டும் இப்படி எழுதினோம்:
காபன் கூடக் கூடச் சங்கிலி நீளும்,
நீண்டவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்,
பறக்க மனம் வராது.

சங்கிலியன் தோப்படி ரியூசன் கொட்டிலில்
இதைப் படித்த வருசம்
யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை.
சங்கிலி என்றால் அப்போது
சைக்கிளில் கழன்று விழுவது,
இல்லாவிட்டால் அடைவில் கிடப்பது.

அக்காவின் புருஷன் பத்திநாதனுக்கு
கொக்குவில் சந்தியில் கராஜ்.
ஹொண்டாவின் ஹாண்டிலில் ஒரு சேலைன் போத்தல்,
அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு குழாய்.
நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி
சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்.
வெள்ளைப் புகை. ஊர் முழுக்க அடுப்படி மணம்.
மண்ணெண்ணெய் ஏன் தானாய்ப் பற்றாது?
நான் ஆவியமுக்கம் என்றேன்.
அவர் “அதுக்குக் குளிருது” என்றார்.

மாசிப் பனி. அக்காவுக்கு எட்டாம் மாதம்.
நள்ளிரவில் பாவாடை நனைந்துவிட்டது.
போத்தலின் அடியில் நகக்கண் அளவு பெற்றோல்,
ஒரு தரம் எழுப்பக் காணும்.
மூன்று பேரும் ஏறினோம்,
நான் பின்னால், அக்காவை அணைத்தபடி.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் எஞ்சினை அணைக்கவில்லை.
“நிப்பாட்டினா நிண்டதுதான். நீ கூட்டிக்கொண்டு போ.”
பிறகு அந்த மனுசன்
ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி என்று
லைற் இல்லாமல் சுற்றத் தொடங்கினார்.

வாட்டில் ஜாம் போத்தல் விளக்கு.
அதற்குள்ளும் அதே பன்னிரண்டு,
திரி வழியே ஏறி
மஞ்சளாய், பாதி கரியாய் எரிந்துகொண்டிருந்தது.
அக்காவின் தலைக்குமேல் சேலைன் தொங்கியது.
அதே அச்சு, அதே தடித்த எழுத்து;
வெளியே சுற்றுகிற போத்தலின் கூடப்பிறந்தது.
ஒன்று எஞ்சினுக்குச் சொட்ட
ஒன்று அக்காவுக்குச் சொட்டியது.

“ஓ நெகற்றிவ் வேணும்,” நேர்ஸ் கொப்பியைப் புரட்டினா.
“சரவணமுத்து, ஆனைக்கோட்டை, வாசிகசாலைக்குப் பின்வீடு.”
வாசலுக்கு ஓடினேன்.
இருட்டில் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது.
செத்துவிட்டதா?
இல்லை, வளைவு.
புகை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.
நிற்கவில்லை. கூடவே ஓடிக்கொண்டு
விலாசத்தைக் கத்தினேன்.

அரை மணித்தியாலத்தில் சரவணமுத்து இறங்கினார்,
சாரமும் பனியனும், கண்ணில் பாதி நித்திரை.
இரத்தம் தந்துவிட்டு
ஒரு பிளேன்ரீ கேட்டார். சீனி இருக்கவில்லை.

விடியப்புறம் பெட்டைக்குஞ்சு அழுதது.
அந்தச் சேதியை நான் கத்திய பிறகுதான்
பத்திநாதன் சாவியைத் திருகினார்.
அவ்வளவு அமைதியை
யாழ்ப்பாணம் அந்த வருசம் கேட்டிருக்காது.

பிறகு அது உயிர்க்கவேயில்லை.
பிளக் முழுக்கக் காபன், அவர் முகத்திலும்.
கொக்குவில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.
வழியில் அவர் ஒரு தரம் சிரித்தார்,
ஏனென்று கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை நிவேதா
போன பஞ்சத்தில் போனில் கியூஆரோடு
இரண்டு நாள் செற்றில் வரிசையில் நின்றாள்.
நான் இப்போது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
போத்தல்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன்.

சேலைன் போத்தல் கராஜ் முகட்டில் இருக்கிறது.
பழுப்பேறி, ஒரு பக்கம் நெளிந்து.
இனம் இனத்துக்குள் புகும்:
பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாய் அதன் சுவருக்குள் ஊறி
இடம் பிடித்துப் பார்த்திருக்கிறது.
பிறகு போய்விட்டது.
இது போகாது. ஆயிரக்கணக்கில் கோத்த காபன்,
கறையான்கூட மணந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

மூடியைத் திறந்து மூக்கடியில் நீட்டுகிறார்.
“இன்னும் மணக்குது, பார்.”

முப்பது வருசம். எட்டுக் காபன். திறந்த குழாய்.
இருக்க நியாயமேயில்லை என்று சொல்ல வாயெடுத்து
இன்னொரு தரம் மணந்து பார்க்கிறேன்.